ஆளுயரப் புற்று: இடிப்பதா, விடுவதா? உள்ளே யார் ஆட்சி?

கொழுமுனை:
எல்லோருக்கும் வணக்கம். நத்தம் பக்கம் எங்களுக்குத் தென்னையும் கொஞ்சம் மாவும் உள்ள தோட்டம். கிழக்கு வரப்பில் ஆளுயரத்துக்கு ஒரு செம்மண் புற்று நிற்கிறது. அதை ஒட்டித்தான் மோட்டார் ரூம் கட்ட இடம் பார்த்திருக்கிறோம். மாமனார் புற்றில் கை வைக்கவே கூடாது என்கிறார். அத்தை வெள்ளிக்கிழமை அதற்குப் பால் ஊற்றுகிறவர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் டீசல் ஊற்றச் சொல்கிறார். ஜேசிபி ஓட்டுகிற தம்பியோ, "அடியில் ராணி இருக்கும் சார், அதை எடுத்துவிட்டால் மொத்தக் கூட்டமும் காலி" என்கிறார்.

ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. ராணிதான் எல்லாவற்றையும் நடத்துகிறதா? மாமரத்தில் முசுறு எறும்பு வேறு இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருக்கிறது. எறும்பும் கறையானும் ஒரே மாதிரிதானா?

நிலவேம்பு:
டீசல் வேண்டாம் அண்ணா. மேலே தெரிகிற கோபுரத்தில் கறையான் அதிகம் குடியிருப்பதில்லை. அது பெரும்பாலும் காற்றுப் போகும் வழிதான். குடியிருப்பும் காளான் தோட்டமும் தரைமட்டத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கும். ஊற்றிய டீசலில் பாதி வழியிலேயே மண்ணில் ஊறிவிடும். கெடுவது உங்கள் நிலமும் கிணறும்தான்.

முதலில் உறவு முறையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை எறும்பு என்று சிலர் சொன்னாலும் கறையான் எறும்பே இல்லை. எறும்பு, தேனீ, குளவி மூன்றும் ஒரே குடும்பக் கிளை. கறையான் கரப்பான்பூச்சி வம்சம். மரத்தைக் குடைந்து அதிலேயே குடும்பமாக வாழ்கிற ஒரு வகைக் கரப்பான்தான் அதற்கு மிக நெருங்கிய சொந்தம். இரண்டு வம்சங்களும் தனித்தனியாகக் கூட்டு வாழ்க்கைக்கு வந்து சேர்ந்தவை. அதனால் வெளித்தோற்றம் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்கட்டமைப்பு வேறு.

எறும்புக் கூட்டில் வேலை செய்வதெல்லாம் பெண்கள். ஆண் எறும்பு ஒரு முறை பறந்து, கூடி, செத்துப்போகும். ராணி அந்த ஒரு பறப்பில் வாங்கிய விந்தணுவை வயிற்றில் ஒரு பையில் சேர்த்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் முட்டையிடும். தோட்டக் கறுப்பெறும்பு வகையில் ஒரு ராணி ஆய்வுக்கூடத்தில் 28 வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. கறையானில் ராஜாவும் உண்டு. ராணியோடு ஒரே அறையில் கடைசிவரை இருக்கும். வேலைக்காரர்களிலும் சிப்பாய்களிலும் ஆண், பெண் இரண்டும் உண்டு.

குழந்தை வளர்ப்பும் வேறு. எறும்புக் குஞ்சு கால் இல்லாத புழு, ஊட்டினால்தான் தின்னும், பிறகு கூட்டுப்புழுவாகி எறும்பாகும். கறையான் குஞ்சு பிறக்கும்போதே குட்டிக் கறையான் வடிவில் இருக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் வேலைக்கு வந்துவிடும்.

பிட்டும்பைட்டும்:
நிலவேம்பு அக்கா, ஒரு சந்தேகம். லட்சக்கணக்கான பேர் வேலை செய்கிற இடத்தில் மேற்பார்வை இல்லாமல் எப்படி முடியும்? ராணி வாசனை மூலம் உத்தரவு போடுகிறது என்றுதானே படித்திருக்கிறோம்?

நிலவேம்பு:
ராணியிடமிருந்து வாசனை வருவது உண்மை தம்பி. ஆனால் அது "நான் இருக்கிறேன், முட்டை இட்டுக்கொண்டிருக்கிறேன்" என்கிற அளவுக்குத்தான் செய்தி சொல்லும். வடக்குச் சுவரை உயர்த்து, தெற்கே விறகு கிடக்கிறது போ என்றெல்லாம் அது சொல்வதில்லை. புற்றின் ராணி விரல் நீளத்துக்கு ஊதிப்போன வயிற்றோடு கெட்டி மண்ணாலான அறைக்குள் கிடக்கிறது. அந்த அறையின் துளைகளில் வேலைக்காரக் கறையான் நுழையும், ராணியால் வெளியே வர முடியாது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதே அதன் வேலை. வெளியே புற்று எந்தப் பக்கம் இடிந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பிறகு எப்படிக் கட்டுகின்றன? பிரெஞ்சு ஆய்வாளர் பியர்-பால் கிராஸே 1959-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். கறையான் தொழிலாளி ஒரு மண் உருண்டையை எச்சிலோடு பிசைந்து ஓரிடத்தில் வைக்கிறது. அந்த ஈர உருண்டை அடுத்து வருகிற கறையானை அங்கேயே இன்னொன்று வைக்கத் தூண்டுகிறது. கொஞ்சம் உயர்ந்துவிட்டால் இன்னும் பலமாகத் தூண்டும். முடிந்த வேலையே அடுத்த வேலையைச் சொல்லிக் கொடுக்கிறது. யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எச்சிலின் வாசனைதான் காரணம் என்று அவர் நினைத்தார். பின்னால் வந்த ஆய்வுகள் மண்ணின் ஈரம், பரப்பின் வளைவு, காற்றுப் படுவது ஆகியவற்றுக்கும் பெரிய பங்கு இருப்பதாகக் காட்டின. எதுவாக இருந்தாலும் வரைபடம் யார் தலையிலும் இல்லை என்பது உறுதி.

இதைப் பார்க்க வேண்டுமானால் புற்றில் ஒரு விரல் அளவு ஓட்டை போட்டுப் பாருங்கள் கொழுமுனை அண்ணா. முதலில் சிப்பாய்கள் தலையை நீட்டும். அவை பின்வாங்கியதும் தொழிலாளிகள் ஓட்டையின் விளிம்பிலிருந்து உருண்டை வைத்து மூட ஆரம்பிக்கும். கண் தெரியாத பூச்சிகள் அவை.

பிட்டும்பைட்டும்:
இது எங்கள் கணினித் துறைக்கு நன்றாகப் புரிகிற விஷயம் அக்கா. எறும்பிலும் இதே கதைதான். ஸ்டான்ஃபோர்டில் டெபோரா கார்டன் அரிசோனாப் பாலைவனத்தின் அறுவடை எறும்புகளைப் பல வருடமாகக் கவனித்தவர். இரை தேடப் போகும் எறும்பு தானாகக் கிளம்பாது. கூட்டின் வாசலில் நின்று, விதையோடு திரும்பி வருகிறவர்களை உணர்கொம்பால் தொட்டுப் பார்க்கும். அடிக்கடி வந்தால் வெளியே விதை நிறைய இருக்கிறது, போகலாம். வரவு குறைந்தால் உள்ளேயே இருக்கும். பாலைவனத்தில் வெயிலில் அலைந்தால் உடம்பின் தண்ணீர் போகும் என்பதால் வீண் பயணம் ஆபத்து. 2012-இல் அவரும் பாலாஜி பிரபாகர் என்ற கணினிப் பேராசிரியரும் சேர்ந்து, இன்டர்நெட்டில் ஃபைல் அனுப்பும்போது வரவு உறுதியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையும் இதுவும் ஒரே கணக்கு என்று காட்டினார்கள்.

குறுக்கு வழி கண்டுபிடிப்பதும் அப்படித்தான். பெல்ஜியத்தில் டெனுபூர்க் குழு கூட்டிலிருந்து உணவுக்கு ஒரு நீளப் பாலமும் ஒரு குட்டைப் பாலமும் வைத்தது. எறும்புகள் முதலில் இரண்டிலும் போயின. குட்டைப் பாலத்தில் போனவை சீக்கிரம் திரும்பியதால் அங்கே வாசனைத் தடம் வேகமாகக் கனத்தது, கொஞ்ச நேரத்தில் பெரும்பாலானவை அதையே பிடித்தன. எந்த எறும்பும் இரண்டையும் அளந்து பார்க்கவில்லை. 1990களில் மார்க்கோ டொரிகோ இதை அப்படியே அல்காரிதமாக்கினார். லாரிகளுக்கு வழித்தடம் போடுகிற கணக்குகளில் இப்போது பயன்படுகிறது.

வெள்ளைச்சுண்ணாம்பு:
வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசைப்பட்டுப் படிக்கிறேன். "எறும்பு மாதிரி சுறுசுறுப்பாக இரு" என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

பிட்டும்பைட்டும்:
டீச்சர், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் டேனியல் சார்போனோவும் அன்னா டோர்ன்ஹாஸும் ஒரு குட்டி எறும்பு வகைக்கு ஒவ்வொன்றாகப் பெயின்ட் புள்ளி வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் பேர் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கிறார்கள்.

வெள்ளைச்சுண்ணாம்பு:
அவை ஓய்வெடுக்கும் முறையாக இருக்கலாமே? ஷிஃப்ட் மாதிரி.

நிலவேம்பு:
அதையும் பார்த்திருக்கிறார்கள் டீச்சர். அதே எறும்புகள்தான் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன, முறை மாறுவதில்லை. 2017-இல் அடுத்த கட்டம் போனார்கள். அதிகம் உழைக்கும் 20 சதவீதத்தைக் கூட்டிலிருந்து எடுத்தபோது, சும்மா இருந்தவற்றில் ஒரு பகுதி எழுந்து அந்த வேலைகளை ஏற்றுக்கொண்டது. சும்மா இருந்தவற்றை எடுத்தபோது அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஆகவே அவை கையிருப்பு ஆட்கள் என்பது ஒரு விளக்கம். என் கருத்தைக் கேட்டால், பிள்ளைகளிடம் இதையே சொல்லலாம். ஆபத்துக் காலத்துக்கு ஆள் வைத்திருக்கிற கூட்டம் நல்ல கூட்டம்தானே.

பனங்கொட்டை:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் செம்மண் காணிகளில் புற்று உண்டு. மழை பெய்த பிறகு அதன் அடியில் காளான் வரும், ஆக்கள் தேடிப்போய்ப் பிடுங்குவார்கள். நிலவேம்பு அக்கா மேலே காளான் தோட்டம் என்று சொன்னீர்கள். அது இதுதானா?

நிலவேம்பு:
அதேதான் தம்பி. புற்றுக்குள்ளே எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

மரத்தையும் சருகையும் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னினை இந்தக் கறையானால் தனியாகச் செரிக்க முடியாது. ஆகவே ஒரு காளானைப் பயிர் செய்கிறது. வயதான தொழிலாளிகள் வெளியே போய்ச் சருகும் சுள்ளியும் கொண்டு வரும். இளசுகள் அதைக் காளான் விதைகளோடு சேர்த்துத் தின்று, பாதி செரித்த எச்சமாகக் கழிக்கும். அந்த எச்சத்தை அடுக்கடுக்காக வைத்துத் தேனடை போல ஒரு தட்டைக் கட்டும். அதில் காளான் வேர்போல் பரவி, குண்டூசித் தலை அளவு வெள்ளை முத்துகளைத் தள்ளும். இளசுகளுக்கு அந்த முத்து உணவு. காளான் நன்றாகத் தின்று மென்மையாக்கிய பழைய அடை மூத்தவர்களுக்கு உணவு. ஆகவே அடை ஒரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இந்தக் கூட்டு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 3 கோடி வருடங்களுக்கு முன் தொடங்கியது. அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது. மனிதனுக்கு முன்பே விவசாயம் செய்தவை இவை. அமெரிக்கக் கண்டத்தில் இலைவெட்டி எறும்புகள் தனியாக இதே தொழிலைக் கற்றன, ஆனால் அவற்றின் காளான் வேறு. ஜாம்பியாவில் ஒரு வகைப் புற்றுக்காளானின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும்.

களையும் உண்டு. புற்றைக் கறையான் கைவிட்டால் சில நாட்களில் வேறொரு பூஞ்சை அடைகளை மூடிக்கொள்ளும். உயிருள்ள புற்றில் அது தலை காட்ட முடியாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரெனி போர்ஜஸ் குழு, நம் பக்கத்துப் புற்றுக் கறையான் அந்தக் களைப் பூஞ்சையை வாசனையால் இனம் கண்டு, மண்ணைப் போட்டுப் புதைத்துக் காற்றில்லாமல் செய்கிறது என்று காட்டியிருக்கிறது.

வெங்கலப்பானை:
காளான் பேச்சு வந்ததால் ஈசலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் முதல் மழை முடிந்த சாயங்காலம் புற்றைச் சுற்றி விளக்கு வைத்து ஈசல் பிடிப்போம். இறக்கையைப் புடைத்து எடுத்துவிட்டு வெறும் சட்டியில் வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் சேர்த்தால் மணம் தெருவுக்கே வரும். புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பாடும்போது கபிலர் செம்புற்று ஈசலை மோரில் புளிக்கச் சமைத்ததைச் சொல்கிறார். இரண்டாயிரம் வருடமாகச் சாப்பிடுகிறோம்.

நிலவேம்பு:
வெங்கலப்பானை அம்மா, நீங்கள் வறுத்தது அந்தக் கூட்டின் இளவரசர்களையும் இளவரசிகளையும். வருடம் முழுக்கச் சேர்த்த கொழுப்பை அதில்தான் ஏற்றி அனுப்புகிறது புற்று, அந்த மணத்துக்கும் அதுதான் காரணம். பறக்கும் நாளில் தொழிலாளிகள் ஓட்டை திறந்துவிடும், சிப்பாய்கள் இரண்டு பக்கமும் காவல் நிற்கும். காக்கை, பல்லி, தவளை, எறும்பு, நாம் எல்லோரும் தின்றது போக மிச்சம் சில சோடி. தரையில் இறங்கி இறக்கையை உதிர்த்து, பெண் முன்னே ஓட ஆண் ஒட்டிக்கொண்டு பின்னே ஓடும். ஈர மண்ணில் இருவருமாகத் தோண்டி உள்ளே போய் வாசலை அடைப்பார்கள். முதல் குஞ்சுகளை அப்பா அம்மா இருவருமே வளர்க்கிறார்கள்.

எறும்பு ராணிக்கு அந்தத் துணை கிடையாது. பல வகைகளில் தனியாகக் குழி தோண்டி, பறக்க உதவிய தசையையே கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்க்கும்.

செங்கல்சூளை:
நான் கட்டடத் தொழிலில் இருப்பவன். புற்று என்றதும் எங்கள் வகுப்பில் சொல்வது ஜிம்பாப்வேயின் ஹராரேயில் உள்ள ஈஸ்ட்கேட் கட்டடம்தான். மிக் பியர்ஸ் வடிவமைத்தது, 1996-இல் திறந்தார்கள். பெரிய ஏசி இல்லாமல் காற்றோட்டத்தாலேயே குளிர்ச்சி. கறையான் புற்றும் அதே மாதிரிதானே?

நிலவேம்பு:
கட்டடம் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட புற்றுக் கதை பாதிதான் சரி. கூட்டின் உள் சூடு புகைபோக்கி வழியே மேலேறி எந்நேரமும் காற்றைச் சுழற்றுகிறது என்று 1950களில் லூஷர் என்ற ஆய்வாளர் சொன்னார். நம் பக்கத்துப் புற்றில் அளந்தபோது வேறு விதமாக இருந்தது. 2015-இல் ஹன்டர் கிங், ஸாம் ஓக்கோ, மகாதேவன் மூவரும் பெங்களூர்ப் புற்றுகளுக்குள் சின்னக் கருவி வைத்துப் பார்த்தார்கள். பகலில் புற்றின் வெளிப்பக்க மடிப்புகள் வெயிலில் சீக்கிரம் சூடாகின்றன, நடுக்குழாய் குளிர்ந்தே இருக்கிறது. ஆகவே காற்று ஓரங்களில் ஏறி நடுவில் இறங்குகிறது. இரவில் ஓரம் முதலில் குளிர்ந்துவிடுவதால் திசை அப்படியே திரும்புகிறது. பகலெல்லாம் சேர்ந்த கரியமில வாயு இரவுச் சுழற்சியில்தான் நன்றாக வெளியேறுகிறது. புற்றின் சுவரில் பெரிய ஜன்னல் எதுவும் இல்லை, நுண்துளைகள் வழியாகத்தான் மூச்சு.

ஆகவே புற்றின் கோபுரத்தை ஏசி என்பதைவிட நுரையீரல் என்பதுதான் பொருத்தம். கீழே கூட்டில் சூடு பெரிதாக மாறாமல் இருப்பதில் சுற்றியுள்ள மண்ணின் கனத்துக்குப் பெரிய பங்கு.

செங்கல்சூளை:
நல்ல தகவல். அந்தச் சுவர் மழைக்குக் கரையாமல் நிற்பதைப் பல முறை பார்த்து வியந்திருக்கிறேன். ஒவ்வொரு உருண்டையையும் ஈரம் பார்த்து எச்சிலோடு பிசைந்து வைப்பதால்தான் அந்தக் கெட்டி என்று இப்போது புரிகிறது.

கொழுமுனை:
எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் ஜேசிபி தம்பி சொன்னது? ராணியை எடுத்தால் கூட்டம் சாகுமா?

நிலவேம்பு:
சில சமயம் சாகும், சில சமயம் சாகாது அண்ணா. முட்டை நின்றால் தொழிலாளிகள் வயதாகி ஒவ்வொன்றாகப் போய்விடும். ஆனால் சில கறையான் வகைகளில் ஒரே புற்றில் ஒன்றுக்கு மேல் ராணி இருக்கும், சிலவற்றில் மாற்று ராணி உருவாகும்.

எறும்பிலும் இப்படி ஒன்று நம் தென்னிந்தியக் காடுகளிலேயே இருக்கிறது. துள்ளி இரை பிடிக்கிற, பெரிய கண்ணும் நீளத் தாடையும் கொண்ட எறும்பு. ராணி செத்தால் தொழிலாளிகள் உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்துப் போட்டி போடும். வாரக்கணக்கில் நடக்கும். ஜெயித்த சில எறும்புகள் முட்டையிடத் தொடங்கும். ஏழு மாதம் வாழ வேண்டியது நான்கு வருடம் வரை வாழும், மூளையின் அளவில் கால் பங்கு வரை குறைந்துவிடும். திரும்பப் பழைய வேலைக்குத் தள்ளினால் மூளை மறுபடி பெருக்கிறது என்று 2021-இல் கண்டார்கள். எறும்புகளில் முதன்முதலில் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்ட இரண்டு வகைகளில் இதுவும் ஒன்று.

மலையடிவாரம்:
கொழுமுனை சார், நீங்கள் நத்தம் என்றதால் கேட்கிறேன். 2022-இல் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் எறும்பு பெருகி ஆடு மாடுகளைச் சூழ்ந்துகொண்டதே, அது உங்கள் பக்கம் வரவில்லையா? எங்கள் உறவினர்கள் மாட்டுக்குக் கண் போய்விடும் என்று பயந்துபோனார்கள். அதுவும் கூட்டமாக வாழ்வதுதானே, ஏன் அது மட்டும் இப்படி?

நிலவேம்பு:
அந்த எறும்பு கடிப்பதோ கொட்டுவதோ இல்லை, அமிலத்தைப் பீய்ச்சும். முக்கியமாகக் கண்ணில் பட்டால் ஆபத்து. சாதாரணமாக ஒரே வகையானாலும் வேறு கூட்டத்து எறும்பைக் கண்டால் சண்டை வரும். உடம்பின் மேல்பூச்சு வாசனை வைத்து இது நம் ஆள், இது அந்நியன் என்று பிரித்துவிடும். அந்தச் சண்டைதான் எந்தக் கூட்டத்தையும் அளவுக்கு மீறிப் பெருகவிடாமல் வைக்கிறது. இந்த மஞ்சள் எறும்பு பரவிய இடங்களில் கூட்டுக்குக் கூடு சண்டை இல்லை. ராணிகளும் பல. எல்லாக் கூடுகளும் சேர்ந்து ஒரே பெருங்கூட்டம் ஆகிவிடுகின்றன.

கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. அங்கே மரங்களில் ஒட்டியிருக்கும் செதில்பூச்சி சுரக்கிற இனிப்பு நீர்தான் அதற்குச் சாப்பாடு. ஆகவே 2016 முடிவில் அந்தச் செதில்பூச்சியை அழிக்கும் மிகச் சிறிய குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். எறும்பை அடிப்பதைவிட அதன் உணவை நிறுத்துவது நல்ல யோசனை என்று நினைக்கிறேன்.

கொழுமுனை:
எங்கள் தோட்டத்துக்கு அது வரவில்லை மலையடிவாரம் சார். மாவில் இருப்பது முசுறுதான். பறிக்கிற ஆட்கள் கடி தாங்காமல் மருந்தடிக்கச் சொல்கிறார்கள்.

நிலவேம்பு:
முடிந்தவரை விட்டுவையுங்கள் அண்ணா. முசுறு ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கி இலைகளை இழுக்கும். இன்னொன்று தன் குஞ்சுப் புழுவை வாயில் பிடித்து இலை விளிம்பில் மாற்றி மாற்றித் தொட வைக்கும். புழு சுரக்கிற பட்டு நூலால் இலை ஒட்டிக்கொள்ளும். எல்லைக் கூடுகளில் காவல் இருப்பவை பெரும்பாலும் வயதானவை. தென்சீனாவில் நாரத்தை, ஆரஞ்சுத் தோட்டங்களில் பல நூற்றாண்டுகளாக இந்தக் கூடுகளை வாங்கி மரத்தில் கட்டி, மரத்துக்கு மரம் மூங்கில் வைத்துப் பாதை போட்டுக் கொடுத்தார்கள், பூச்சியைத் தின்பதற்காக. ஆஸ்திரேலியாவின் வடக்கில் மாவிலும் முந்திரியிலும் பயன் தருவதாகக் கண்டிருக்கிறார்கள். ஒரு குறை, மாவுப்பூச்சியை இனிப்புக்காக இதுவும் காவல் காக்கும். அது மிகுந்த கிளையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

கொழுமுனை:
சரி, புற்றை இடிக்கவில்லை. வீட்டில் பேசி மோட்டார் ரூமை மேற்கு மூலைக்கு மாற்றிவிட்டோம். மாமனாருக்கு நிம்மதி. மேற்கிலும் கறையான் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? நட்ட தென்னங்கன்றுகளுக்கு ஆபத்து உண்டா?

செங்கல்சூளை:
ரூமுக்கு நான் சொல்கிறேன். மரம் எதுவும் நேரடியாக மண்ணைத் தொடக்கூடாது. அடித்தளத்தைக் கான்கிரீட்டில் தரையிலிருந்து ஓரடியாவது தூக்குங்கள், கதவு நிலையை இரும்பில் போடுங்கள். சுவரை ஒட்டி மட்டையோ விறகோ அடுக்காதீர்கள். சுவரில் பென்சில் கனத்துக்கு மண்குழாய் ஏறினால் ஓரிடத்தில் உடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

நிலவேம்பு:
தென்னங்கன்றுக்கு ஆபத்து உண்டு அண்ணா, முக்கியமாக நட்ட முதல் வருடம், மண் காயும்போது. தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடாதீர்கள். பாத்திக்குள் காய்ந்த மட்டை, உரிமட்டைத் துண்டு கன்றின் தண்டைத் தொடும்படி போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். புற்றுப் பக்கம் விழுகிற சருகைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள், அவற்றுக்கு வேண்டியது அதுதான். உலகில் ஏறக்குறைய 3000 வகைக் கறையானில் வீட்டுக்கும் பயிருக்கும் தொல்லை தருபவை கொஞ்சம்தான். அத்தை பால் ஊற்றும்போது புற்றின் உச்சியில் ஊற்றாமல் அடியில் ஊற்றச் சொல்லுங்கள், மேல் சுவர் நனைந்து ஊறினால் அதன் காற்றுத் துளைகள் அடைபடும்.